வளைவில் என்ன நடந்தது

“உம் கொட்ட ஆளில்லாம கதை சொல்ற ஒருத்திய இன்னைக்குத்தான் பாக்குறேன். யாருடி கேப்பா இத?”

அம்மா இப்படிக் கேட்டபோது நான் கம்பளிக்குள் இருந்தேன். மலைக்குளிருக்கு அவள் போர்த்திக்கொண்டு போகும் கம்பளி அது. ஞாயிற்றுக்கிழமைகளில் அவளோடு சேர்த்து அதற்கும் ஓய்வு. அதைக் கொடியில் போட்டு எல்லாப் பக்கமும் மறைத்து, உள்ளே ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து, டார்ச் வெளிச்சத்தில் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு, போனில் பதிவு போட்டு வாசித்துக்கொண்டிருந்தேன். கம்பளி இருந்தால் குரல் சுவரில் மோதித் திரும்பாது என்று குழுவில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். வெளியே நின்ற அம்மாவுக்குப் பேசுகிற ஒரு கம்பளிதான் தெரிந்திருக்கும்.

அவள் கேட்டதும் பதிவில் விழுந்துவிட்டது. அதை அழித்துவிட்டு அந்தப் பத்தியை மறுபடி வாசித்தேன்.

குழு என்றால், பழைய இலக்கியங்களைச் சம்பளம் இல்லாமல் வாசித்து, யார் வேண்டுமானாலும் கேட்கும்படி இணையத்தில் போட்டு வைக்கிற ஆட்கள். கண் தெரியாதவர்கள் கேட்பார்கள், வெளிநாட்டில் இருக்கிறவர்கள் கேட்பார்கள் என்று சொன்னார்கள். குழுவை நடத்துகிற அம்மையார் பெரிய நகரத்தில் இருந்தார். அவருக்கு இரண்டு விதிகள். புத்தகத்தில் உள்ள ஒரு சொல்லையும் மாற்றக் கூடாது, கூட்டவும் கூடாது. வேறு எந்தச் சத்தமும் பதிவில் வரக் கூடாது. நான் முதலில் அனுப்பிய அத்தியாயத்துக்கு அவர் அனுப்பிய பதில், “சேவல் கூவுகிறது, திரும்ப வாசிக்கவும்” என்பதுதான்.

எனக்கு இந்த வேலை பிடித்திருந்ததற்குக் காரணம் பெருமை. மறைக்க ஒன்றும் இல்லை. எங்கள் வீட்டில் எழுத்தைப் பார்த்துச் சொல்லாக மாற்றத் தெரிந்த முதல் ஆள் நான். அப்பா ஏலக்காய்க் குடோனில் மூட்டை ஏற்றுகிறவர். அம்மா போடியிலிருந்து தினமும் ஜீப்பில் மலையேறிக் கேரளப் பக்கத்துத் தோட்டங்களில் காய் எடுக்கப் போகிறவள். இரண்டு பேருக்கும் கைநாட்டு. சின்ன வயதிலேயே தெருவில் யாருக்கு நோட்டீஸ் வந்தாலும் என்னைக் கூப்பிட்டுத்தான் வாசிக்கச் சொல்வார்கள். பள்ளிக்கூடத்தில் காலை வணக்கத்தில் வாசிக்கிற வேலை எனக்குத்தான். கல்லூரி முடித்து, பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையில் மனு டைப் அடிக்கிற வேலைக்கு வந்த பிறகு, நான் சத்தமாக வாசிக்க ஒரு இடமும் இல்லாமல் போயிருந்தது. அதனால்தான் கம்பளி.

நான் எடுத்துக்கொண்டது ஒரு பழைய நாவல். ஆற்றங்கரை ஊரில் ஒரு பெரிய வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டுப் போகிற பெண்ணின் கதை. செய்யாத குற்றத்தைச் சுமத்தி அவளை வீட்டை விட்டு அனுப்புகிறார்கள். அவள் பிறந்த வீட்டுக்கு நடக்கிறாள். கடைசி அத்தியாயத்தில், வழியில் ஒரு சத்திரத்தில் காய்ச்சல் கண்டு, பக்கத்தில் யாரும் இல்லாமல் செத்துப்போகிறாள்.

வாரநாட்களில் விடியற்காலையில் வாசிப்பேன். ஜீப்புகள் கிளம்பும் வரை எங்கள் தெருவில் ஒன்றும் செய்ய முடியாது. ஹாரன், தூக்குவாளிச் சத்தம், “வெரசா ஏறுங்கடி” என்கிற அதட்டல். கடைசி ஜீப்பும் போனதும் பாதித் தெரு காலியாகி, திடீரென்று அமைதி விழும். அந்த அமைதிக்காகக் காத்திருந்து வாசிப்பேன். முதல் அத்தியாயம் இணையத்தில் ஏறியதும் தெருவின் திருவிழா வாட்ஸப் குழுவில் அதைப் போட்டேன். தையல்கடை அண்ணன் ஒரு கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார். அவ்வளவுதான். இணையப் பக்கத்திலும் கருத்து எழுதுகிற இடம் ஒவ்வொரு அத்தியாயத்துக்குக் கீழும் வெள்ளையாகவே கிடந்தது. அம்மா சொன்னது சரிதான் போல என்று தோன்ற ஆரம்பித்தது. கடைசி அத்தியாயம் மட்டும் பாக்கி இருந்தபோது நான் வாசிப்பதை நிறுத்திவிட்டேன். யார் கேட்கப் போகிறார்கள்.

நிறுத்தி மூன்று வாரம் ஆகியிருக்கும். காய் எடுக்கிற அக்கா ஒருத்தி, அன்றைக்கு வேலைக்கு லீவு போட்டுவிட்டு, கடைக்கு மனு அடிக்க வந்தாள். அடித்து முடித்ததும், சரியாக இருக்கிறதா என்று அவளுக்கு வாசித்துக் காட்டினேன். பாதியில் நிமிர்ந்து பார்த்தால் அவள் மனுவைக் கவனிக்கவே இல்லை. என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இன்னொருக்கா வாசி,” என்றாள்.

வாசித்தேன்.

“நீ முன்சீட்டு அக்கா மகதானே?”

முன்சீட்டு அக்கா யார் என்று எனக்குத் தெரியவில்லை. அவள் அம்மாவின் அடையாளத்தைச் சொன்னாள். நெற்றித் தழும்பு, ஒற்றை மூக்குத்தி. ஆமாம் என்றேன். அவள் கவுண்டருக்கு மேலாகக் கையை நீட்டி என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். ஏலக்காய்க் கறை ஏறிய, கருத்த விரல்கள்.

“ஏத்தா, ஏன் நிறுத்திட்ட? அவ வீடு போய்ச் சேந்தாளா இல்லையா? எங்க ஜீப்பே சண்ட போட்டுக்கிட்டுக் கெடக்கு.”

கேட்பவர்களை நான் மனதில் வரைந்து வைத்திருந்தேன். கண்ணாடி போட்ட ஒரு பேராசிரியர். ஏதோ ஒரு தூர தேசத்தில் பனி பெய்கிற ஜன்னலருகே ஒரு தமிழ்ப் பெண். தினமும் விடியற்காலையில் என் வீட்டு வாசல் வழியாகச் சத்தம் போட்டுக்கொண்டு போகிறவர்களை நான் ஒரு நாளும் அந்த இடத்தில் வைத்துப் பார்த்ததில்லை. அவர்கள் எப்போது போவார்கள் என்று காத்திருந்துதான் நான் வாசிக்கவே ஆரம்பிப்பேன்.

அவள் நிறுத்தாமல் பேசினாள். எந்த இடத்தில் எல்லாரும் அழுதார்கள், எந்த இடத்தில் மாமியாரைத் திட்டினார்கள், எல்லாம் சொன்னாள். பிறகு, எல்லாவற்றிலும் தனக்குப் பிடித்தது அந்தப் பெண் வீட்டை விட்டுப் போகும்போது மாமனாரிடம் கேட்டதுதான் என்றாள்.

“‘இந்த வீட்டு அடுப்புல எரியறது எம் மூச்சு. என்னைய அனுப்புறவுக அதையும் எடுத்து எங் கையில குடுங்க’ன்னு நின்னாளே. அந்த எடத்த வாசிக்க ஒனக்கு எப்பிடித்தா வாய் வந்துச்சு?”

ஒரு நாள் தாமதமாகப் போனதற்காகத் தோட்டத்துச் சூப்பர்வைசர் இந்த அக்காவைத் திரும்பிப் போகச் சொன்னாராம். அவளும், நான் உங்கள் காட்டில் ஏறி இறங்கித் தேய்ந்த காலை எடுத்துக் கையில் கொடுங்கள், போகிறேன் என்று சொல்லி நின்றாளாம். அவர் சிரித்துவிட்டு வேலைக்கு விட்டாராம். அதைச் சொல்லும்போது அவள் முகத்தில் இருந்த வெளிச்சத்தை நான் கேட்பவர் வேறு யார் முகத்திலும் பார்த்ததில்லை. கேட்பவர் முகம் வேறு எதையும் நான் பார்த்ததே இல்லை என்பதும் உண்மை.

அப்படி ஒரு வரி அந்தப் புத்தகத்தில் இல்லை.

அவள் போனதும் பையில் இருந்த புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். அந்தப் பெண் தலையைக் குனிந்து, ஒரு சொல்லும் பேசாமல் வாசலைத் தாண்டுகிறாள். அவ்வளவுதான். முன்பக்கம், பின்பக்கம் எல்லாம் புரட்டினேன். அடுப்பு என்கிற சொல்லே அந்த அத்தியாயத்தில் இல்லை. ஒரு சொல்லும் மாற்றாமல் வாசித்தேன் என்கிற ஒரே கர்வம் எனக்கு இருந்தது. நான் வாசிக்காத வரிக்கு என் கையைப் பிடித்துப் பாராட்டிவிட்டு ஒருத்தி போயிருக்கிறாள்.

கடையிலிருந்து நேரே ஜீப் ஸ்டாண்டுக்குப் போனேன். அம்மா போகிற ஜீப்பின் டிரைவர் அண்ணன், ஆட்களை மேலே இறக்கிவிட்டு வந்து, டயர் பக்கத்தில் குந்தி எதையோ தட்டிக்கொண்டிருந்தார். திருவிழாக் குழுவில் நான் போட்ட கதையைக் கேட்டுவிட்டு, மொபைல் கடையில் கொடுத்து எல்லா அத்தியாயத்தையும் பென்டிரைவில் ஏற்றியவர் அவர்தான். காலையில் பாட்டுப் போட்டால், இந்தப் பாட்டு வேண்டாம் அந்தப் பாட்டு என்று ஜீப்பில் தினமும் சண்டையாம். அதற்குப் பயந்து ஒரு நாள் கதையைப் போட்டாராம். முதல் நாள் அணைக்கச் சொன்னார்கள். இரண்டாம் நாள் நேற்று விட்ட இடத்திலிருந்து போடச் சொன்னார்கள். இறங்கி வரும்போது எல்லாரும் ஆளுக்கொரு தோளில் தூங்கிவிடுவதால், ஏறும்போது மட்டும் கதை.

“உங்கம்மா சொல்லலையா?” என்று அவர் என்னையே ஆச்சரியமாகப் பார்த்தார்.

அடுப்பு வரியைப் பற்றிக் கேட்டேன். அவர் துணியில் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார். மலையடிவாரத்து முந்தல் தாண்டினால் வரிசையாகக் கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொரு வளைவிலும் மேலிருந்து இறங்குகிற லாரியின் ஹாரன் அவர் காதில் விழ வேண்டும். அதனால் வளைவு வந்தால் சத்தத்தை முழுக்கக் குறைத்துவிடுவார், தாண்டியதும் கூட்டுவார். கதையை நிறுத்தி வைக்க முடியாது. நிறுத்தினால் அந்தப் பழைய பாட்டுப் பெட்டி பென்டிரைவை மறுபடி முதல் அத்தியாயத்திலிருந்து பாட ஆரம்பித்துவிடும், ஓட்டிக்கொண்டே விட்ட அத்தியாயத்தைத் தேட முடியாது.

“கதைய விட ரோடு முக்கியம்த்தா,” என்றார். “வளைவுல போனது போனதுதான். என்ன நடந்துச்சுன்னு உங்கம்மாதான் சொல்லும். வீட்டுல நீ வாசிக்கையில பக்கத்துல உக்காந்து கேக்குற ஆளாச்சே. அதுக்காகத்தான் முன்சீட்டு. பின்னால இருந்து சொன்னா எல்லாருக்கும் கேக்க மாட்டேங்குதுல்ல.”

நான் அங்கேயே ஒரு பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன்.

ஜீப்பில் பின்பக்கப் பலகைதான் எப்போதும் அம்மாவின் இடம். திரைச்சீலை ஓரத்தில் தூசியும் புகையும் நேரே முகத்தில் அடிக்கும். வளைவுகளில் அவளுக்குக் குமட்டும். முகர்ந்து பார்த்துக்கொள்ளத் தினமும் ஒரு எலுமிச்சம்பழம் எடுத்துப் போவாள். சில மாதங்களாக எலுமிச்சம்பழம் வீட்டிலேயே கிடந்து காய்ந்துபோவதை நான் கவனித்திருக்கிறேன். அவள் தலையில் தூசி இல்லாததையும் கவனித்திருக்கிறேன். காரணம் கேட்கத் தோன்றவில்லை. நான் வாசிக்கும்போது ஒரு நாளும் பக்கத்தில் உட்காராத என் அம்மா, யாரடி கேட்பார் என்று கேட்ட என் அம்மா, வளைவுக்கு வளைவு என் நாவலை எழுதிக்கொண்டு முன்சீட்டில் போயிருக்கிறாள்.

சாயங்காலம் அவள் வந்து கை கழுவிக்கொண்டிருக்கும்போது கேட்டேன். முதலில், யார் சொன்னது என்று முறைத்தாள். பிறகு கறை போகப் புளியைப் போட்டு விரலைத் தேய்த்துக்கொண்டே நடந்ததைச் சொன்னாள். முதல் வளைவிலேயே எல்லாரும் அவள் பக்கம் திரும்பி, உன் மகள்தானே வாசிக்கிறாள், உனக்குத் தெரியாமல் இருக்குமா என்று கேட்டிருக்கிறார்கள். தெரியாது என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. எம் மக எனக்குத்தான் மொதல்ல வாசிச்சுக் காட்டுவா என்று சொல்லிவிட்டாள். சொன்னதற்கு அப்புறம் ஒவ்வொரு வளைவிலும் ஏதாவது நடந்தாக வேண்டியிருந்தது.

“அந்த அடுப்பு விஷயம் புத்தகத்துல இல்லம்மா.”

“புத்தகத்துல இல்லாட்டி என்ன? அவ வாயில இருந்திருக்கும்ல.”

எனக்குச் சிரிப்பு வரவில்லை. கோபமும் வரவில்லை. அம்மா அப்போதுதான் குரலைத் தாழ்த்தி, உண்மையில் தனக்கு இருந்த கவலையைச் சொன்னாள். அந்தப் பெண் பிறந்த வீட்டுக்கு நல்லபடியாகப் போய்ச் சேர்ந்துவிடுவாள் என்று அவள் ஜீப்பில் சத்தியம் மாதிரிச் சொல்லி வைத்திருந்தாள். சேரமாட்டாள் என்று ஒரு கட்சி. சேருவாள் என்று அம்மா கட்சி. போய்ச் சேருவாள்தானே என்று என்னைக் கேட்டாள்.

சேரமாட்டாள் என்றேன்.

அம்மா தண்ணீரிலிருந்து கையை எடுத்தாள்.

“நீ மாத்தி வாசிச்சிரு,” என்றாள்.

“மாத்தக் கூடாதும்மா. ஒரு சொல்லும் மாத்தக் கூடாது.”

“அப்ப நான் எந்திருச்சுப் பின்சீட்டுக்குப் போக வேண்டியதுதான். எம் மக எனக்கு வாசிச்சுக் காட்டுனதே இல்லன்னு எல்லாருக்கும் தெரியட்டும்.”

முன்சீட்டு என்பது தூசி படாத இடம் மட்டும் இல்லை என்று எனக்குப் புரிந்தது. மகளைப் படிக்க வைத்ததற்கு அவளுக்குக் கையில் கிடைத்தது அது ஒன்றுதான். நான் வாங்கிய பட்டம் இரும்புப்பெட்டிக்குள் இருக்கிறது. அதை அவளால் வாசிக்கவும் முடியாது.

மறுநாள் காலை நான் கடைசி அத்தியாயத்தைப் பதிவு செய்தேன். ஒரு சொல்லும் மாற்றவில்லை. குழுவுக்கு அனுப்பினேன். பென்டிரைவில் ஏற்ற டிரைவர் அண்ணனுக்கும் அனுப்பினேன். அதோடு, பெருமைக்காரியான நான், நினைத்தே பார்த்திராத ஒரு காரியத்தையும் செய்தேன். அந்தப் பெண் சாகிற இடம் ஏதாவது ஒரு வளைவில் வருகிற மாதிரி கதையைத் தொடங்க முடியுமா என்று அவரிடம் கேட்டேன். அவர், எவ்வளவு நேரத்தில் அந்த இடம் வரும் என்று மட்டும் கேட்டுக்கொண்டார். அருவி தெரிகிற வளைவில் சரியாக இருக்கும், சத்தத்தைக் குறைத்துக்கொண்டு மெதுவாகத் திருப்புகிறேன் என்றார். சொல் மாறவில்லை. வளைவு விழுங்கிக்கொள்ளும். அம்மா தன் விருப்பப்படி அவளை வீடு கொண்டுபோய்ச் சேர்க்கட்டும்.

அம்மாவிடம் இதைச் சொன்னபோது அவள் சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். அவள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு என் எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

“மொதல்ல எனக்கு வாசிச்சுக் காட்டு,” என்றாள்.

அதுதான் முதல் தடவை. அடுப்பில் சோறு கொதித்துக்கொண்டிருந்தது. நான் வாசித்தேன். வாக்கியத்துக்கு வாக்கியம் அவள் “உம்” கொட்டினாள். புரியாத பழைய சொல் வந்தால் அந்த உம் கொஞ்சம் இழுத்துக் கேள்வியாக வரும். நான் சொல்லிவிட்டு மேலே போவேன். ஆளில்லாமல் வாசித்தே பழகிய எனக்கு அந்தச் சத்தம் முதலில் இடைஞ்சலாக இருந்தது. பிறகு அதை எதிர்பார்த்தே ஒவ்வொரு வாக்கியத்தையும் முடிக்க ஆரம்பித்துவிட்டேன். சத்திரத்துக் கட்டம் வந்தது. அந்தப் பெண் படுக்கிறாள். தண்ணீர் கேட்கிறாள். கேட்க அங்கே யாரும் இல்லை. அந்த வாக்கியத்துக்கு உம் வரவில்லை. அதற்கு அடுத்ததற்கும் வரவில்லை. முடித்துவிட்டு நிமிர்ந்தேன். அம்மா எழுந்து போய்ச் சோற்றைக் கிண்டினாள். அடிப்பிடித்த வாசனை வந்தது.

திங்கட்கிழமை கடைக்கு லீவு சொல்லிவிட்டு நானும் ஜீப்பில் ஏறினேன். பின்பக்கப் பலகையில், அம்மா வருஷக்கணக்காக உட்கார்ந்திருந்த அதே ஓரத்தில் எனக்கு இடம் கிடைத்தது. சுற்றிலும் பெண்கள், சேலைக்கு மேல் புருஷன்மாரின் பழைய முழுக்கைச் சட்டை, தலையில் துண்டு, மடியில் தூக்குவாளி. எல்லாரும் என்னைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள். இம்புட்டுச் சின்னப் புள்ளையா என்றாள் ஒருத்தி. குரலைக் கேட்டா நாப்பது வயசுப் பொம்பளன்னுல்ல நெனச்சேன் என்றாள் இன்னொருத்தி. கடைக்கு வந்த அக்கா, நான் சொன்னேன்ல, இதுதான் என்று எல்லாருக்கும் என்னைக் காட்டிக்கொண்டே வந்தாள்.

முந்தலில் அண்ணன் கதையைப் போட்டார். ஜீப்புக்குள் பேச்சு அடங்கியது. என் குரல் பெட்டிக்குள்ளிருந்து வந்தது. அத்தனை பேர் நடுவில் உட்கார்ந்து அதைக் கேட்க எனக்குக் கூச்சமாக இருந்தது. முதல் வளைவில் சத்தம் நின்றது. ஹாரன், கியர் மாறுகிற முனகல். முன்சீட்டிலிருந்து அம்மா திரும்பி, அந்தப் பெண் ஒரு வண்டிக்காரனிடம் வழி கேட்டதைச் சொன்னாள். அது புத்தகத்தில் அப்படியே இருக்கிறது. அடுத்த வளைவு. அதையும் அப்படியே சொன்னாள். ஒரே ஒரு முறை கேட்டதை அவள் வரிசை பிசகாமல் சொல்லிக்கொண்டு வந்தாள். நான் காற்றுக்குக் கண்ணை மூடிக்கொள்கிற மாதிரி மூடிக்கொண்டேன்.

அருவி தெரிந்தது. அண்ணன் கண்ணாடியில் என்னை ஒரு முறை பார்த்துவிட்டுச் சத்தத்தைக் குறைத்தார். மேலிருந்து ஒரு லாரி இறங்கி வந்ததால் ஜீப்பை ஓரம் கட்ட வேண்டியிருந்தது. வழக்கத்தைவிட அதிக நேரம் நின்றோம். எல்லா முகமும் முன்சீட்டைப் பார்த்தது.

“என்னக்கா ஆச்சு? சத்திரத்துல படுத்தாளே?”

அம்மா ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். திரும்பவில்லை.

“செத்துப் போயிட்டாடி,” என்றாள்.

அதைத் தவிர்க்கத்தான் இத்தனை ஏற்பாடும். அது அவளுக்கும் தெரியும்.

கடைக்கு வந்த அக்காதான் கேட்டாள். “போய்ச் சேருவான்னு சொன்னியேக்கா?”

“நாந்தான் வருவான்னேன். அவ வரல.”

லாரி போய்விட்டது. ஜீப் நகர்ந்தது. வளைவைத் தாண்டியும் அண்ணன் சத்தத்தைக் கூட்டவில்லை. என் குரல் யாருக்கும் கேட்காமல் உள்ளேயே ஓடி முடிந்திருக்கும். கொஞ்ச தூரம் இன்ஜின் சத்தம் மட்டும். அந்த அக்கா மூக்கை உறிஞ்சிக்கொண்டு மறுபடி கேட்டாள், அந்தச் சத்திரத்தில் ஒரு வாய்த் தண்ணி கொடுக்கக்கூடவா ஆள் இல்லை என்று.

இதற்குப் புத்தகத்தில் பதில் இருக்கிறது. யாரும் இல்லை என்று அது தெளிவாகச் சொல்கிறது. அம்மா அதையும் கேட்டவள்தான்.

“ஒருத்தி இருந்தா,” என்றாள் அம்மா. “கூலி வேலைக்குப் போறவ. விடிஞ்சா சோலிக்குப் போகணும்னு அங்ஙனயே படுத்திருந்தா. அவதான் தண்ணி குடுத்து, தலைய எடுத்து மடியில வச்சுக்கிட்டா. அந்த மடியிலதான் உசுரு போச்சு.”

ஜீப்புக்குள் ஒரு பெருமூச்சு எழுந்து இறங்கியது. ஒருத்தி, அது போதும் என்றாள். இன்னொருத்தி அந்தக் கூலிக்காரி எந்த ஊர்க்காரி என்று கேட்டாள். அதைப் பற்றிப் பேச்சு கிளம்பி, நம்ம சிலமலைப் பக்கத்து ஆளாகத்தான் இருக்கும் என்று சிலமலைக்காரி ஒருத்தி உரிமை கொண்டாடி, சண்டையாகவே ஆகிவிட்டது. திருத்த வேண்டிய ஆள் நான்தான். எனக்குத் திருத்தத் தோன்றவில்லை. செத்தாள் என்பதை அம்மா மாற்றவில்லை, தனியாகச் செத்தாள் என்பதை மட்டும் விட்டுவைக்கவில்லை. முன்சீட்டைப் பணயம் வைத்து அவள் அதைச் செய்தாள் என்பதுதான் என்னை இன்றைக்கும் அசைக்கிறது.

போடிமெட்டில் டீ குடிக்க நிறுத்தினார்கள். நான் இறங்கி, கீழே போகிற பஸ்சுக்குக் காத்திருக்க வேண்டும். ஆளாளுக்கு வந்து என்னைத் திட்டிவிட்டுப் போனார்கள். அடுத்த கதையிலாவது ஒருத்தியை உயிரோடு வை என்றாள் ஒருத்தி. எழுதினது நானில்லை என்று சொல்லிப் பார்த்தேன், யாரும் கேட்கவில்லை. கடைக்கு வந்த அக்கா மடியிலிருந்து பனங்கற்கண்டுப் பொட்டலம் ஒன்றை எடுத்துத் தொண்டைக்கு என்று கையில் திணித்தாள். அவர்கள் மறுபடி ஏறும்போது நான் பார்த்துக்கொண்டே நின்றேன். அம்மா பின்பக்கமாகப் போய்ப் பலகையில் கால் வைத்தாள். இவள் எங்கே போகிறாள் என்று யாரோ அவள் சட்டையைப் பிடித்து இழுத்து முன்னால் தள்ளிவிட்டார்கள்.

இணையப் பக்கத்தில் கருத்து எழுதுகிற இடம் இன்றும் வெள்ளையாகத்தான் இருக்கிறது. அவர்களில் யாரும் அங்கே எழுதப் போவதில்லை.

அடுத்த புத்தகத்தை எடுத்தபோது அம்மா கேட்ட முதல் கேள்வி, இதில் யார் சாவார்கள் என்பது. கிழவர் ஒருத்தர் மட்டும் என்றேன். சரி என்றாள். போன ஞாயிற்றுக்கிழமை கம்பளிக்குள் இரண்டாவது ஸ்டூல் ஒன்றைப் போட்டு அவளையும் உள்ளே உட்கார வைத்து முதல் அத்தியாயத்தை வாசித்தேன். முழங்கால் முட்டிக்கொள்கிற நெருக்கம். சத்தம் வரக் கூடாது என்று சொல்லித்தான் உட்கார வைத்தேன். இரண்டாவது பத்தியிலேயே “உம்” என்றாள். அப்புறம் கடைசி வரை நிறுத்தவில்லை. பதிவைப் போட்டுக் கேட்டேன். என் ஒவ்வொரு வாக்கியத்தின் முடிவிலும் அவள் இருக்கிறாள். ஒரு இடத்தில் இழுத்துக் கேட்கிறாள், ஒரு இடத்தில் இருமுகிறாள்.

அம்மையார் திருப்பி அனுப்புவார், தெரியும். எதையும் வெட்டாமல் அப்படியே அவருக்கு அனுப்பிவிட்டேன்.